மெத்தைக் கடைக்கு மேல் வீடு

ஆமா சார், அன்னிக்கு லீவுதான். கடையிலயே போய்க் கேட்டுட்டீங்களா? கேப்பீங்கன்னு நெனச்சேன். போன்ல நீங்க விசாரிச்சப்ப வேலைக்குப் போயிருந்தேன்னுதான் சொன்னேன், இல்லேங்கல. அது பொய்தான். மொதல்ல உள்ள வாங்க, உக்காருங்க. அய்யோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஊறிப் போச்சு, உக்காந்தா உங்களையும் சேத்துக் கவுத்துரும். அப்பறம் அதுக்கும் நான்தான் பொறுப்புன்னு எழுதுவீங்க. இந்தக் கட்டில்ல உக்காருங்க.

ஷூவக் கழட்ட வேணாம். தரையப் பாத்தீங்கல்ல, உப்பிப் போய்க் கெடக்கு, உங்க ஷூ பட்டுத்தானா கெடப் போகுது? ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு சைஸ் சின்னதாப் போட்டிருக்கீங்க. செருப்புக் கடையில குத்தவச்சு அடுத்தவங்க கால் புடிக்கிற பொழப்பு எனக்கு. படியேறி வர்ற சத்தத்துலயே தெரிஞ்சுரும். சுண்டுவெரல் வலிக்குமே? ஆங், அதான்.

சொல்றேன் சார். எங்க போயிருந்தேன்னுதான கேக்குறீங்க, சொல்லாம எங்க ஓடிரப் போறேன்? இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து வந்தவர உக்கார வச்சுக் கதையளக்குறான்னு நெனைக்காதீங்க. ஆனா மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

கீழ மெத்தைக் கடை. அதுக்கு மேல நாங்க. எங்களுக்கு மேல ஓனர் அக்காவும் மாமாவும். அன்னிக்கு மாடி டேங்க் கழுவ ஆள் வந்திருந்தாங்க. காலையிலயே வால்வ மூடிட்டாங்க, எந்த வீட்டுலயும் சொட்டுத் தண்ணி கெடையாது. கொழாயத் தெறந்தா காத்துதான் வரும். அப்படித் தெறந்த கொழாய் ஒண்ணு மூடாமலே கெடந்திருக்கு. இந்தா, இந்தக் கிச்சன் கொழாய்தான். மத்தியானம் டேங்க் ரொம்பினதும் மாமா வால்வத் தெறந்து விட்டிருக்காரு. தொட்டியில நான் ஊறப் போட்ட தட்டு ஓட்டைய அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. தட்டப் போட்டது நான்தான் சார். அத ஒத்துக்கறேன். எழுதிக்கோங்க. எந்த வீட்டுத் தொட்டியில தட்டு இல்ல, சொல்லுங்க?

தண்ணி ரொம்பி, வழிஞ்சு, ஹால் பூரா ஓடி, சொவத்தோரமா எறங்கி, நேரா மெத்தைக் கடைக்குள்ள. மெத்தைதான் இருக்கறதுலயே தண்ணி குடிக்கிறதுக்குன்னு பொறந்த சாமான். பஞ்சு, ஸ்பாஞ்சு எல்லாம் வயிறு முட்டக் குடிச்சிருக்கு. மெத்தைக்காரர் பாவம், கடையில இருக்கறதுலயே ஒசந்த மெத்தையில மத்தியானத் தூக்கம் போட்டிருக்காரு. நெத்தியில சொட்டு விழுந்தப்ப கனவுன்னு நெனச்சுத் தொடச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டாராம். அவரே சொன்னாரு. சிரிக்கலாம் சார், நானும் சிரிச்சேன். அப்பறம்தான் அழுதேன்.

அவர் கத்தின கத்துல மாமா எறங்கி வந்து, அவங்ககிட்ட இருந்த சாவியப் போட்டு எங்க கதவத் தெறந்திருக்காரு. கொழாய் பாட்டுக்கு ஊத்திட்டு இருந்திருக்கு. வீட்டுல யாருமில்ல. வேற யாரு, இவதான் தெறந்து போட்டுட்டுப் போயிட்டான்னு அந்த நிமிஷமே முடிவாயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுதான் முடிவு.

டீ குடிக்கிறீங்களா? சும்மா குடிங்க, டீ குடிச்சா லஞ்சமா?

அக்காவப் பத்திச் சொல்லணும் சார். நாங்க குடி வந்த புதுசுல எனக்கு இங்க யாரையும் தெரியாது. இவரு லாரி ஓட்டறவரு, போனா வாரக்கணக்கு. அக்காதான் மொத நாளே கீழ எறங்கி வந்து, நீ வாடகைக்கு வந்தவளா, இல்ல எனக்குன்னு வந்தவளான்னு கேட்டாங்க. சாயந்திரமானா மேலருந்து தண்ணிக் கொழாயில கரண்டியால ரெண்டு தட்டு தட்டுவாங்க. டீ போட்டாச்சு, மேல வாடின்னு அர்த்தம். நானும் கரண்டியெடுத்து ஒரு தட்டு தட்டுவேன், வர்றேன்னு. மாமா திட்டுவாரு, கொழாய ஒடைக்கறதுக்குன்னே ரெண்டு பொம்பளைங்க சேந்திருக்கீங்கன்னு. கூடப் பொறந்தவ கூட அப்படி இருக்க மாட்டா.

அதே அக்காதான் சார் எங்கள இன்சூரன்ஸ் போட விடாம பண்ணினது. இல்ல இல்ல, அவங்க கெட்ட எண்ணத்துல பண்ணினாங்கன்னு சொல்லல. ஒரு ஏஜென்ட் வந்தாரு. வாடகைக்கு இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, உங்க சாமான் போனாலும் கெடைக்கும், உங்களால வீட்டுக்கோ அடுத்தவங்களுக்கோ சேதம் வந்தாலும் அதுவே பாத்துக்கும்னாரு. இவருக்கு ஆசை. மாசம் ரெண்டு பேரு சினிமாவுக்குப் போற காசுதான், போட்டுருவோம்னாரு. அக்கா படியில நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. ஏண்டி, நான் கட்டடத்துக்கே போட்டு வச்சிருக்கேன், நீ என்ன கட்டடத்துக்கு வெளியிலயா இருக்கன்னாங்க. ஏஜென்ட் பேப்பரையெல்லாம் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டு நெஞ்சு குளுந்து போச்சு சார். அன்னிக்கு ராத்திரி இவரு சொன்னாரு, ஓனர் ஓனர்தான், குடியிருக்கறவ குடியிருக்கறவதான், நீ சொந்தம் கொண்டாடாதன்னு. நான் ரெண்டு நாள் அவர்கிட்ட பேசவே இல்ல.

இப்பத்தான தெரியுது, கட்டடத்துக்குன்னா கட்டடத்துக்கு மட்டும்தான்னு. சொவத்துக்கு இருக்கு, கூரைக்கு இருக்கு, உள்ள இருக்கற மனுஷிக்கு இல்ல. மெத்தைக்காரரும் உங்ககிட்டதான் போட்டிருக்காராம், உங்க கம்பெனி ஓனருக்கும் அவருக்கும் குடுத்துரும், குடுத்துட்டு நேரா இங்க திரும்பி, தப்புப் பண்ணினவ நீ, நீ கட்டுன்னு நிக்கும். சரியாத்தான சொல்றேன்? ம். எங்க ரெண்டு பேரு சம்பளத்தையும் எத்தன வருஷம் சேத்தாலும் அது அடையாது சார். இவரு ஓட்டற லாரியில பாதி எங்களுது, அது போகும். அது மட்டுமா? வீட்ட முழுகடிச்சவன்னு பேராயிட்டா இனிமே எந்த ஓனர் எங்களுக்குக் கதவத் தெறப்பான்?

சும்மா ஒண்ணு கேக்கறேன். ஓனரே மறதியாத் தெறந்து விட்டிருந்தா கம்பெனி குடுக்குமா, குடுக்காதா? குடுக்கும். அப்ப யார்கிட்டயும் போய்த் திருப்பிக் கேக்க மாட்டீங்க? கேக்க முடியாது. உங்ககிட்ட பாலிசி எடுத்தவங்க மேலயே நீங்க எப்படிக் கேப்பீங்க. ம். அப்ப ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

அன்னிக்கு நான் திரும்பி வந்தப்ப தெருவெல்லாம் மெத்தை. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேரு புடிச்சுப் புழியறாங்க. அக்கா எனக்கு முன்னாடியே வந்து படியில நின்னுட்டு இருந்தாங்க. அத்தன பேரு முன்னால, என்னடி இப்படிப் பண்ணிட்டன்னு கேட்டாங்க. நான் அவங்க மூஞ்சியப் பாத்தேன். மாமா பக்கத்துல நிக்கறாரு. சரி, மாமாவுக்காகப் பேசறாங்க, இப்ப நம்ம வாயத் தொறக்கக் கூடாது, அப்பறம் அவங்களே சரி பண்ணிருவாங்கன்னு நெனச்சேன். தப்பாயிருச்சுக்கான்னு சொன்னேன். நானே சொன்னேன் சார், என் வாயால. மெத்தைக்காரர் அதத்தான் சாட்சி சொல்லியிருப்பாரு.

அப்பறம் மேல போனேன். மாமா குளிக்கப் போயிருந்த நேரம். அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, கம்பெனி எல்லாத்தையும் பாத்துக்கும், உனக்கென்ன வந்துச்சுன்னாங்க. சரின்னு எறங்கி வந்துட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நிம்மதியாத் தூங்கினேன். உங்க கம்பெனியில இருந்து போன் வந்தப்பத்தான் தெரிஞ்சுது, குடியிருக்கறவ வேலைக்குப் போற அவசரத்துல கொழாயத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டான்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு. வேலைக்குப் போற அவசரத்துல. அப்படியா எழுதியிருக்கா?

மறுபடி மேல போனேன். கதவத் தெறக்கல. உள்ள டிவி ஓடுது, காலடிச் சத்தம் கேக்குது. அக்காவோட செருப்பு நான் எடுத்துக் குடுத்தது சார், முட்டி தேஞ்ச கால மட்டும் இழுத்து வைப்பாங்க, எனக்குத் தெரியாதா? கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போச்சு அந்தச் சத்தம். அதுக்கப்பறம் கரண்டிச் சத்தமும் இல்ல.

நம்ப வச்சுக் கழுத்தறுக்கறதுன்னு சொல்லுவாங்க. நான் அத ஏதோ காசு பணம் ஏமாத்தறவங்களச் சொல்றதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

சரி சார். பேனாவ கொஞ்சம் மூடுங்க. மூடுங்க, சொல்றேன்.

அக்காவுக்கு மார்ல ஒரு கட்டி. மாமாவுக்குத் தெரியாது. போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு, இதக் கேட்டா அவரு தாங்க மாட்டாருன்னு அவங்களுக்குப் பயம். என்னன்னு மொதல்ல தெரியட்டும், தெரிஞ்சப்பறம் சொல்லிக்கலாம், நீ மட்டும் கூட வாடின்னாங்க. அன்னிக்குத்தான் சார் ஊசி போட்டு அதுல இருந்து எடுத்துப் பாக்கறேன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதுக்குத்தான் லீவு. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு மாமாகிட்ட சொல்லிட்டு அக்கா கெளம்பி நேரா இங்க வந்தாங்க. கதவச் சாத்தினேனோ இல்லையோ, ஒடஞ்சு அழுதுட்டாங்க. இந்த மூஞ்சியோட எப்படித் தெருவுல எறங்கறதுன்னு, கழுவறதுக்குக் கிச்சனுக்குப் போயிக் கொழாயத் திருகினாங்க. தண்ணி வரல. டேங்க் கழுவறது ரெண்டு பேருக்குமே ஞாபகமில்ல. நான்தான் குடிக்கிற தண்ணிய எடுத்து அவங்க கையில ஊத்தினேன். தொடச்சுவிட்டேன். அழாதக்கா, ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லி வெளிய கூட்டிட்டு வந்தேன். கொழாய மூடணும்னு அவங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல.

திரும்பி வரும்போது ஒண்ணா வந்தா மாமா கேப்பாருன்னு, அவங்க முன்னாடி எறங்கிட்டாங்க. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தேன்.

இத எங்க வீட்டுல இவருகிட்டகூட நான் சொல்லல. வேலைக்குப் போயிருந்தேன்னுதான் அவருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அப்படி வாக்குக் குடுத்திருக்கேன் அவளுக்கு. வேற யாரு மேலயாவது பழியப் போட்டிருந்தா அந்த ஆளுங்க ஊரக் கூட்டியிருப்பாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேங்கற தைரியத்துலதான சார் எழுதிக் குடுத்தா? என்னை அவ்வளவு நம்பித்தான இதப் பண்ணினா? யோசிச்சுப் பாத்தா அதுதான் தூங்க விட மாட்டேங்குது.

நீங்க மேல போவீங்கல்ல? இப்பப் போகாதீங்க. மாமா சாயந்திரம் நடக்கப் போவாரு, அவரு கீழ எறங்கினப்பறம் போங்க. அவகிட்டத் தனியாக் கேளுங்க. அவரு முன்னால மட்டும் ஆஸ்பத்திரிப் பேச்சு வேணாம். அவ ஒத்துக்கிட்டா எழுதிக்கோங்க. ஒத்துக்கலன்னா என்னன்னு கேக்குறீங்களா? தெரியல சார். அப்பவும் நான்தான் தெறந்தேன்னு இருக்கணுமான்னு நானும்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ரிசல்ட்டா? நல்லதா வரல. அடுத்த வாரம் ஆபரேஷன். அதுவும் அவ சொல்லித் தெரியல. நேத்து கடையில இருக்கும்போது ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வருது. கூட இருந்து பாத்துக்க யாரு வர்றாங்கன்னு கேட்டதுக்கு என் பேரையும் நம்பரையும் குடுத்திருக்காளாம். வந்துருவீங்களாம்மான்னு அந்த நர்ஸ் கேக்குது.

என்ன சொல்லுவேன்? வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணுமான்னு கேட்டு வச்சேன்.