ஆள் வருகிற இருக்கை

மொரப்பூரில் தருமபுரி பேருந்தில் ஏறிய ஒரு பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு, "ஆள் வராங்கம்மா" என்றேன். அப்படி யாரும் வருவதாக இல்லை. அவள் முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் இருந்தன. அது தொற்றாது என்று படித்துத் தெரிந்தவன்தான் நான்.

வேறு இடமில்லை. அவளும் அவளோடு ஏறிய தோழியும் என்னருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோழியின் கையில் வேற்றுக்கிரகத்து ஆள் படம் போட்ட ஒரு காமிக்ஸ் புத்தகம்.

"ஏன்டி, தாத்தா பக்கத்துல வேற்றுக்கிரகத்து ஆளு உக்காந்திருக்குதா? நம்ம கண்ணுக்குத்தான் தெரியலையா?" என்றாள் தோழி.

"சும்மா இருடி. கதையச் சொல்லு."

"அதுக்கு எட்டு கண்ணு, ஒடம்பெல்லாம் கொழகொழன்னு இருக்குது. ஊரே கல்ல எடுத்துக்கிட்டுத் தொரத்துது. அது வழி கேக்கத்தான் வந்திருக்குது."

"அப்புறம்?"

"நம்மளப் பாத்து அது பரிதாபப்படுது. பாவம், இதுங்களுக்கு ரெண்டே கண்ணுதான்னு."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "துணிக்கடையில இன்னைக்கும் மூஞ்சியப் பாத்துட்டு வேல இல்லன்னு சொல்லிட்டா என்னடி பண்றது?"

"அடுத்த கடைக்குப் போவோம். எட்டு கண்ணு இருக்கிற ஓனராப் பாப்போம்."

நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கையால் இடத்தைக் காட்டினேன்.

"வேணாங்க தாத்தா. வர்றவங்க உக்காரட்டுங்க" என்றாள், மரியாதையாகவே.

வழியில் ஏறிய ஒருவர் அங்கே உட்காரப் போனார். "ஆள் வராங்களாம்ங்க" என்று அவளே தடுத்தாள். தருமபுரி வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.