மெஷினில்தான் கோளாறு

உங்கள் ஏட்டையா ஏடிஎம் கார்டின் உறையிலேயே பின் நம்பரை எழுதி வைத்திருக்கிறார், சார். காலையில் எனக்கு இட்லி வாங்கப் பர்ஸைத் திறந்தபோது பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பர்ஸ் தொலைந்தால் கார்டோடு நம்பரும் சேர்ந்து போகும். இன்றைக்கே நம்பரை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

பதினோரு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கார்டு தேய்க்கிற மெஷின்களைக் கடைகளில் வைத்துக் கொடுப்பேன், ரிப்பேர் என்றால் போய்ப் பார்ப்பேன். வைக்கும்போதே கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன். வாடிக்கையாளரின் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள், அவர்கள் கண்ணெதிரிலேயே தேயுங்கள். நம்பர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஞானதுரை மெஷினோடு புத்தியும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவான் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும்.

வீட்டில்தான் என் பேச்சு எடுபடவில்லை. என் மனைவி ஷீனா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால், பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கப் போகிறது, அவசரம் என்று எவனோ போனில் சொல்ல, வந்த ஓடிபியை அப்படியே படித்துக் காட்டிவிட்டாள். பதினெட்டாயிரம் போயிற்று. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை, சார். அவள் கணக்கில் என் போன் நம்பரைப் பதிவு செய்தேன். பேங்க் ஆப்பை என் போனில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

அந்த ஆப்பில் கார்டை ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரு சுவிட்ச் உண்டு. தேவையில்லாத நேரத்தில் ஆஃப் செய்து வைப்பது பத்திரம். கார்டு அவள் கைப்பையில் இருக்கும், சுவிட்ச் என் போனில் இருக்கும். பதிவான நம்பர் என்னுடையது என்பதால் அவள் தன் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டவும் முடியாது. எதை வாங்குவதென்றாலும் என்னைக் கூப்பிடுவாள்.

"ஏங்க, மளிகைக் கடையில நிக்கேன். செத்த ஆன் பண்ணுங்க."

எம்புட்டு என்று கேட்பேன். சொல்வாள். எதுக்கு என்று கேட்பேன். அதையும் சொல்வாள். பிறகு ஆன் செய்வேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் போன் வருவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அத்தனை தடவை தேடியதில்லை.

அவளுடைய அப்பா வேதமணி மம்சாபுரத்தில் தையல் கடை வைத்திருந்தார். மாமியார் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருந்தோம். சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கேக் வாங்கப் போயிருந்த ஷீனா கடையிலிருந்து கூப்பிட்டாள். வழக்கம்போல எம்புட்டு, எதுக்கு என்று கேட்டுவிட்டு ஆன் செய்தேன். மாமா என் இலையில் கறியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்கிடாதீங்க. புள்ள உழைச்ச காசு. ஒரு கேக்குக்குக்கூட இப்படிக் கேள்வி கேட்டா அவ மனசு என்ன பாடுபடும்? அந்தச் சுவிட்ச அவ போன்லயே போட்டுக் குடுத்திருங்க."

என் தம்பியும் அவன் மனைவியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். சரி மாமா என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கே இந்த விஷயத்தில் புத்தி சொல்கிறவனுக்கு, ஏடிஎம் வாசலைக்கூட மிதிக்காத ஒரு மனிதர் இலைக்கு முன்னால் வைத்துப் பாடம் எடுத்துவிட்டார். அவமானமாக இருந்தது. இரண்டு மாதமாக அதை நான் மறக்கவில்லை.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஷீனா அப்பாவைப் பார்க்க மம்சாபுரம் புறப்பட்டாள். கார்டு ஆனில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். ஆனால் ஆன் செய்யவில்லை. தன் அப்பாவுக்குச் செலவு செய்கிற நேரத்தில் என்னிடம் ஒரு தடவை கேட்கட்டும், அதை அவரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் புது மெஷின் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு பத்துக்கு மெசேஜ் வந்தது. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், கார்டு ஆஃபில் இருப்பதால் போகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் போட்டிருந்தது. அங்கே மெஷின் வைத்ததே நான்தான். அடுத்த நிமிடம் ஷீனா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவசரம் என்று வருகிற போனுக்கு உடனே அசையாதே, பத்து நிமிடம் ஆறப்போடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இப்போதெல்லாம் நம் வீட்டுக்காரர்களின் குரலிலேயே பேசி ஏமாற்றுகிறார்கள்.

நாலு பதினாலுக்கு இருபதாயிரம். நாலு பத்தொன்பதுக்குப் பத்தாயிரம். நாலு இருபத்துமூன்றுக்கு இரண்டாயிரம். கணக்கு டீச்சர் அல்லவா, எதுவரைக்கும் போகும் என்று இறங்கி இறங்கிப் பார்த்திருக்கிறாள். நான் ஒவ்வொரு மெசேஜையும் படித்தேன், சார். ஏமாற்றுக்காரன் அப்படி இறங்கி வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அந்த ஆஸ்பத்திரியில் பணம் வாங்குகிற பாண்டிச்செல்வம் கூப்பிட்டான். அவனுடைய போனை எடுத்தேன்.

"அண்ணே, அக்கா இங்க நிக்காக. அவுக அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். டாக்டர் ஊசி எழுதிட்டாரு. பணம் கட்டினாத்தான் மருந்த எடுத்துக் குடுப்பாங்க. கார்டு போக மாட்டேங்குது. கார்டுல கோளாறா, மெஷின்ல கோளாறாண்ணே?"

போன் என் கையில்தான் இருந்தது. விரலை ஒரு தடவை நகர்த்தினால் முடிந்துபோகிற வேலை. ஆனால் அந்த நிமிடமே பணம் போனால், காலையில் நான் பொய் சொன்னது ஷீனாவுக்குத் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று அவர் சொன்னதும் சரியாகிவிடும்.

"கார்டு ஆன்லதான் இருக்கு. மெஷின்லதான் கோளாறு" என்றேன். "ஆஃப் பண்ணி வைங்க. வேற யாரும் தொட வேண்டாம். நானே வாரேன்."

அரசு ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நான் வருகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அப்பாவை அங்கே கொண்டு போயிருப்பாள், அல்லது யார் காலிலாவது விழுந்து பணம் புரட்டியிருப்பாள். மெஷின்தானே, அவர் வந்து சரிசெய்துவிடுவார் என்று காத்திருந்தாள். நான் பால்கோவா கடை வேலையை முடித்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். பைக்கை நிதானமாகத்தான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை நிறுத்தியதும் கார்டை ஆன் செய்தேன். உள்ளே போய் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து, பேட்டரியை எடுத்து ஊதி, திரும்பப் போட்டேன். ஷீனா கார்டைத் தேய்த்தாள். நம்பர் அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்லிப் வந்தது. மணி ஐந்து நாற்பது.

"நல்ல வேளை நீங்க வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது.

ஊசி போட்டார்கள். ஏழு மணிக்கு முன்பே மாமா போய்விட்டார். வந்தவுடனே போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், என் வீட்டுக்காரர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மெஷினைச் சரிசெய்தார் என்று ஷீனா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை.

பாண்டிச்செல்வம்தான் கண்டுபிடித்தான். நாலு பதினாறுக்கு, அதாவது ஷீனாவின் இரண்டாவது முயற்சிக்கும் மூன்றாவது முயற்சிக்கும் நடுவில், வேறொருவர் அதே மெஷினில் ஆயிரத்து எண்ணூறு கட்டியிருக்கிறார். அது சரியாகப் போயிருக்கிறது. அதை ஷீனாவிடம் போய்ச் சொன்னான். அவள் பேங்கில் கேட்டிருக்கிறாள். கார்டு எத்தனை மணிக்கு ஆன் ஆனது என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வராமல் நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன், சார். தெரிந்துதான் செய்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவரிடம் அவ்வளவு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் டீயைக் குடித்தேன்.

ஒரே ஒரு உதவி. என்னிடம் வாங்கி வைத்திருக்கிற போனை அணைந்துபோக விட்டுவிடாதீர்கள், அவ்வப்போது சார்ஜ் போடுங்கள். ஒண்ணாம் தேதி ஷீனாவுக்குச் சம்பளம் விழும். கார்டை நான் ஆஃபில்தான் வைத்திருக்கிறேன். அவளுக்கு அதெல்லாம் பார்த்துக்கொள்ளத் தெரியாது. ஏதாவது வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.