தலைவர் லேப்டாப்பில் பதினொண்ணு

— மெதுவா வை தேவி... மெதுவா! அது என் மச்சினன் சின்ராசு லேப்டாப்பு. கீறல் விழுந்தா அவனுக்குக் கோவம் வந்துரும்.

— சின்ராசு அண்ணனோடதா? தொறந்த ஒடனே உங்க படமில்ல வருது, தலைவரே. கழுத்துல மாலையோட.

— அது... அவனுக்கு எம்மேல மரியாதை சாஸ்தி.

— பாஸ்வேர்டு?

— தலைவர்காசிராஜன். நடுவுல எடம் விடக் கூடாது.

— ம்ம்... ரொம்பத்தான் மரியாதை.

— சரி, என்னோடதுதான்! கடைக் கதவச் சாத்து தாயி... ஏ, பாதி சாத்து. முழுசாச் சாத்துனா போடி ஊரே கூடிரும்.

— விசயத்தச் சொல்லுங்க.

— விண்டோஸ் பதினொண்ண ஏத்தணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள.

— இதுலயா?

— சிரிக்கிற?

— தும்மல், தலைவரே... இதுல ஏறாது. பதினொண்ணுக்குப் புது பிராசசர் வேணும். பாதுகாப்புக்குன்னு உள்ள ஒரு சிப்பு வேணும். இது ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல செஞ்சது.

— பொய் சொல்லாத. போன வருசந்தான் மதுரையில வாங்கினேன்... சரி, செகண்ட் ஹேண்டுதான். ஆனா நானே பொறுக்கி எடுத்தது. கடையில ஆறு இருந்துச்சு. ஆறையும் தூக்கிப் பாத்தேன். மத்ததெல்லாம் பொக்குக் காயாட்டம் லேசு. இதுதான் கையில நின்னுச்சு.

— எடை பாத்தா லேப்டாப்பு வாங்குனீங்க?

— முப்பது வருசமா ஏலக்கா எடுக்குறவன் தாயி. லிட்டருக்கு எடை நிக்குற காய்க்குத்தான் வெலை. ஊதுனாப் பறக்குறத எவன் எடுப்பான்?

— லேப்டாப்புல பழசுதான் கனம், தலைவரே. ஆறுல மூத்தத தேடிப் பிடிச்சிருக்கீங்க.

— கடைக்காரன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டானே...

— கும்பிட மாட்டாரா பின்ன?

— குறுக்கு வழி ஒண்ணும் இல்லையா?

— இருக்கு. உக்காருங்க, டீ சொல்றேன். ரெண்டு மணி நேரம் ஆகும்...

— மூணாவது டீ குடிச்சாச்சு தேவி. என்னாச்சு?

— ஏறிருச்சு.

— ஆகா!

— பொறுங்க. வைஃபை செத்துப் போச்சு. சவுண்டு வரல. எத அமுக்கினாலும் வட்டம் சுத்துது... உள்ள காத்தாடி இரையுறது கேக்குதா?

— லோடு ஜீப்பு மல ஏறுற மாதிரி இருக்கு.

— இது மல அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டையே தாண்டாது. பழையபடி விண்டோஸ் பத்தப் போட்டுத் தர்றேன்.

— பத்தா! போச்சு... எல்லாம் போச்சு. போன கூட்டத்துல மைக்கப் பிடிச்சு என்ன பேசினேன் தெரியுமா? பதினொண்ணு இல்லாதவன் நம்ம ஏலக்கா சங்கத்துல பதவியில இருக்கக் கூடாது, அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் லேப்டாப்போட வரணும்னு தீர்மானமே போட்டுட்டேன்.

— உங்கள யாரு போடச் சொன்னா?

— அந்த வீரணன் தலைவர் பதவிக்கு நிக்கப் போறானாம். அவன்கிட்ட இருக்கிறது பாடாவதிப் பொட்டி. அத வச்சே கழட்டி விட்டுரலாம்னு பாத்தேன்... இப்ப என் நாற்காலியில்ல போகுது!

— அழாதீங்க தலைவரே.

— வேர்வை.

— ஒண்ணு செய்யலாம். பதினொண்ணு தொறந்தா எப்படி இருக்குமோ, அதப் படம் பிடிச்சு முகப்புல வச்சுர்றேன். நீலப் பூ, கீழ நடுவுல வரிசையா ஐக்கான், எல்லாம் தெரியும். பழச மறைச்சுரலாம். தூரத்துல நின்னு தொறந்து காட்டுங்க, மூடிருங்க. எதையும் அமுக்கக் கூடாது.

— மோசடியில்ல அது?

— மோசடிதான். வேணாமா?

— வெரசா வை!

— இந்தா, பாருங்க.

— அடேயப்பா... பதினொண்ணேதான்! என்னா பளபளப்பு! நாளைக்குக் கூட்டத்துல பாரு தேவி, நானே வரிசையாப் போயி ஒவ்வொருத்தன் லேப்டாப்பையும் அமுக்கி அமுக்கிச் சோதிக்கப் போறேன். மொத ஆளு வீரணன்!

— அய்யய்யோ... அது மட்டும் வேணாம்.

— ஏன் வேணாம்? ஏமாத்துக்காரனுக்கு என் சங்கத்துல எடமில்ல!

— தலைவரே, சொன்னாக் கேளுங்க...

— என்ன, அவனுக்குப் பரிஞ்சு பேசுற?

— வெளிய சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் சத்தியம் பண்ணிருக்கேன்... கடை தொறக்கும்போதே வீரணன் அண்ணன் வாசல்ல நின்னாரு. அவர் போனதும் செயலாளரு, பொருளாளரு, அப்புறம் கமிட்டி பூராவும். அத்தன பேருக்கும் இதே படந்தான் தலைவரே... நீங்க பதினெட்டாவது ஆளு.