வெள்ளிக்கிழமை அக்கா விட்டுக்கொடுத்த ஒன்றரைப் பக்கம்

இந்த அவைக்குத் தலைமையேற்று, இவன் என்ன உளறப் போகிறானோ என்று நெற்றியைச் சுருக்கியிருக்கும் எங்கள் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! வெள்ளிக்கிழமை வந்தால் அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து, பத்திரிகை போடுபவரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்த தாய்மார்களே! அதே பத்திரிகையைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து, இன்று நரைத்துவிட்ட என் தோழர்களே! அக்காவின் அருமை மகளே! உங்கள் அனைவரையும் நெஞ்சாரப் பணிகிறேன்.

நம் வெள்ளிக்கிழமை அக்கா மறைந்து ஒரு மாதம் ஆகிறது. தொடர்கதையாய் வாரந்தவறாமல் வந்தவர், வாசகர் வாசலில் நின்றவர், வார்த்தையால் நம்மை வளர்த்தவர் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச எத்தனையோ எழுத்தாளர்கள் இருக்க, அவர் கதைகளுக்குப் படம் போட்டவனை ஏன் மேடை ஏற்றினார்கள்? கோடு போடத் தெரிந்தவனுக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் என்னிடம் ஒரு கதை உண்டு. இருபத்தாறு ஆண்டுகள் வாய்திறக்காமல் வைத்திருந்த கதை.

தொலைபேசி நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண், காணாமற்போன தம்பியைத் தேடுவாளே, அந்தத் தொடர் நினைவிருக்கிறதா? ஆகா, என்ன கைத்தட்டல்! அந்தத் தொடரின் ஏழாம் வாரத்தில்தான் அச்சகத்து மாடிப்படியில் எண்ணெய் சிந்திக் கிடந்ததைப் பார்க்காமல் காலை வைத்தேன். யானைக்கே அடி சறுக்கும்; நான் எம்மாத்திரம்? வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. தூரிகை பிடித்த கை, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு போய் நின்ற அன்றே நம் தலைவர் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். “ஓய்வு எடுங்க. அதுவரைக்கும் வேற ஆளைப் போட்டுக்கிறேன்.”

தலைவர் அவர்களே, தலை குனியாதீர்கள். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் காலியான நாற்காலி சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார் என்பது எனக்குத் தெரியாதா? “இடது கையால போடுறேன் சார், ரெண்டு வாரம் பாருங்க” என்று கெஞ்சினேன். அரைமனதாகச் சரி என்றார்.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். மேசை முழுக்க நான் இடது கையால் பழகிய தாள்கள். ஒரு குடை. ஒரு நாற்காலி. ஒரு ஜோடி செருப்பு. தெருவிளக்கு ஒன்று, குடித்தவன்போல் சாய்ந்து நின்றது. முகம் மட்டும் வரவேயில்லை. மூக்கைப் போட்டால் கண் ஓடிவிடும். கண்ணைப் பிடித்தால் வாய் கோணிக்கொள்ளும். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். போய்விட்டார்.

அடுத்த வார அத்தியாயத்தில் கதாநாயகி மழையில் நடக்கிறாள். முகத்தைக் குடை மறைத்திருக்கிறது! அதற்கடுத்த வாரம், தம்பி உட்கார்ந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது! பிறகு, வாசலில் யாருடையதென்று தெரியாத ஒரு ஜோடி செருப்பு!

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், இன்னும் கேவலம் இருக்கிறது. “ஆளே இல்லாத படங்கள் அபாரம்” என்று வாசகர்கள் எழுதினார்கள். எனக்குத் தலை கனத்தது. அக்காவிடமே போய், “அக்கா, இந்தத் தடவை என் படம்தான் உங்க கதையைத் தூக்கி நிறுத்துது” என்றேன். “ஆமாப்பா, எல்லாரும் அதான் சொல்றாங்க” என்றார் அந்தப் புண்ணியவதி. முகத்தில் ஒரு சுளிப்பு உண்டா? இல்லை!

பிழை திருத்தும் அண்ணன்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கையெழுத்துப் பிரதியை என் முன்னால் போட்டார். “கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருய்யா.”

பார்த்தேன். ரயில் நிலையம், ஆயிரம் பேர் கூட்டம், அதில் கதாநாயகி தம்பியைத் தேடி அலறுகிறாள் என்று இரண்டு பக்கம். உயிரைக் கொடுத்து எழுதிய இரண்டு பக்கம்! குறுக்கே ஒரே கோடு. அதன் கீழே, ‘தெருவிளக்கின் அடியில் யாரும் இல்லை’ என்று புதிதாகத் தொடங்கியிருந்தார்.

நன்றி வந்ததா எனக்கு? கோபம் வந்தது! நேரே அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். “எனக்குப் பிச்சை போடுறீங்களாக்கா?”

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “உட்காரு. ‘அவள் அழகாக இருந்தாள்’னு ஒரு வரி எழுதிட்டு நான் தூங்கப் போயிடுவேன். அந்த அழகு எப்படி இருக்கும்னு உட்கார்ந்து யோசிச்சது யாரு?”

“அது என் வேலைக்கா.”

“பதினாலு வருஷம் எனக்கும் சேர்த்து நீ பார்த்த. இப்போ நாலு வாரம் உனக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன். இதுல பிச்சை எங்கடா வந்துது? இந்தா, அந்த முனையைப் பிடி.”

போர்வையின் ஒரு முனையை என் வலது கையில் திணித்தார். மடங்காத விரலால் பிடித்தேன். அழுதுகொண்டே மடித்தேன்.

ஐந்து மாதத்தில் விரல் மெல்ல மடங்கியது. ஆனால் முகம் போட எனக்குத் துணிவில்லை. கடைசி அத்தியாயம் வந்தது. இரண்டு பக்கம் வரவேண்டிய இடத்தில் அரைப் பக்கமே வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். கடைசி வரி: ‘அவன் திரும்பினான். அவள் பார்த்தாள்.’ அவ்வளவுதான்! அவன் தம்பியா, வேறு யாரோவா? எழுதவில்லை!

தலைவர் அன்று பதறியது எனக்கு இன்னும் கேட்கிறது. “என்னம்மா இது? எட்டு மாசம் ஜனங்க காத்திருக்காங்க. முடிவை எழுதலையே?”

“அவ முகத்துல இருக்கு சார். அவர் போடுவார்.”

அன்பர்களே! எட்டு மாத உழைப்பு, இலட்சம் பேரின் எதிர்பார்ப்பு, தன் பெயர், தன் புகழ் அத்தனையையும் ஒடிந்து கூடிய ஒரு கையில் வைத்தாரே, எந்த எழுத்தாளர் வைப்பார்? எந்த அரசர் தம் அரியணையை அப்படி ஒருவருக்கு விடுவார்? மூன்று நாள் வரைந்தேன். பதினேழு தாள் கிழித்தேன். பதினெட்டாவது தாளில், வலது கையால், அவள் முகம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் பத்திரிகையைப் பிரித்தீர்கள். தம்பிதான் என்று எந்த எழுத்தும் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை வீட்டிலும் அத்தனை பேருக்கும் தெரிந்தது! கண் துடைத்தீர்களா இல்லையா, தாய்மார்களே? கேட்கிறது, கேட்கிறது!

எழுத வல்லவர் ஆயிரம் உண்டு. எழுதிய இடத்தை இன்னொருவருக்காக எழுந்து கொடுக்க வல்லவர் எத்தனை பேர்? நானறிந்து ஒருவர்தான். அவர் பெயரை இனி யார் சொன்னாலும் நான் எழுந்து நிற்பேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகச் செவி கொடுத்த உங்களுக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும், இந்த மேடையை அமைத்த அன்பர்களுக்கும் நன்றி கூறி, அக்காவை வணங்கி அமைகிறேன். வணக்கம்.