முன்கட்டைக்கு யார் தோள்

— இதுவரைக்கும் எழுதினத வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு, ராயபுரம் கரிக்கொட்டாய்த் தெருவில், ஒரு சாக்குப் பந்தலின் கீழ் நம் பங்குக் கோவில் பிறந்தது."

— சாக்குப் பந்தல்னு போடாதே உபதேசியாரே. கலீஜா கீது. மண்டபம்னு போடு.

— மண்டபமா! மழை வந்தா வெள்ளைக்கார சாமியாரு பூசை பாத்திரத்துக்குக் கொடை புடிச்சிகினு நின்னாரு. மண்டபமாம், மண்டபம்.

— யாருமே அது? இருதயமா? கோவில் பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போமே. இந்த ராயப்பன் மேஸ்திரி கோவில் வெள்ளிவிழா மலருக்குச் சரித்திரம் சொல்லிகினு கீறான். நாளைக்குத் திருநாளு. மத்தியானத்துக்குள்ள வண்ணாரப்பேட்டை அச்சாபீசுல குடுக்கணும்.

— சொல்லு, சொல்லு. நானும் கேக்குறேன். அந்த மண்டபத்துக்கு மொத சாக்கு தைச்சவ நான்.

— மண்டபம்னே போட்டுட்டேன் அண்ணாச்சி. மேற்கொண்டு சொல்லுங்க.

— எழுது. அதுக்கு மின்னாடி நாங்க வேற ஒரு கோவிலுக்குப் போய்கினு இருந்தோம். பேரு போடாதே, நாளைக்கு அவங்களும் விருந்துக்கு வராங்கோ. அங்க எங்கள சப்பரம் தூக்க வுடல. கப்பல்ல கரி தூக்குறவன் தோளு பட்டா சாமி கறுத்துப் பூடுமாம். வருசா வருசம் வேடிக்க பாத்தோம். ஒரு திருநாளன்னிக்கு நெஞ்ச நிமித்திகினு சொன்னேன்: உங்க சாமி உங்களாண்டயே இருக்கட்டும், நாங்க வேற கோவிலு கட்டிக்கிறோம். சொல்ட்டு ஆம்பள மாதிரி வெளிய வந்தேன்.

— "வீரத்துடன் வெளியேறினார்"னு போடுதேன்.

— அப்பால வீரத்துடன் காசிமேட்டுல மச்சான் வூட்டுல நாலு நாளு பதுங்கினாரு. அடிக்க வருவாங்கோன்னு. அத்தயும் போடு உபதேசியாரே.

— தே, இருதயம்! இது சரித்திரம். உன் வாய்க்கு வந்ததெல்லாம் இதுல வராது.

— மணி எப்படி வந்துது அண்ணாச்சி? அதுக்கு ஒரு வரி விட்டு வச்சிருக்கேன்.

— ஒரு கப்பல் காப்டன் அன்பளிப்பா குடுத்தாரு.

— குடுத்தாரா! ஒடைக்கப் போட்ட கப்பல்லேந்து நாலு பேரு சாக்குல சுத்தித் தூக்கியாந்தது. காப்டனுக்குத் தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பாரு, ஒதை.

— "ஒரு கப்பலிலிருந்து வந்தது"ன்னு போட்டா ரெண்டு பேருக்கும் பொருந்தும்லா? அப்புறம் பங்கின் நோக்கம்னு ஒரு பத்தி வேணும்னு சாமியார் சொன்னாரு.

— நோக்கமா? தோளு இல்லாதவனுக்குத் தோளு குடுக்கறது. அதான் நம்ம பாதுகாவலரு கிறிஸ்தோப்பரு பண்ணது. கொயந்த ஏசுவ தோள்ல வச்சிகினு ஆத்தக் கடந்தாரே. அழகா எழுது.

— கேக்கவே எவ்ளோ நல்லா கீது! தோளு குடுக்குறாராம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி.

— நீ ஏன் வந்து நிக்கறேன்னு தெரியும்மே. வாணாம். உபதேசியாரே, அடுத்தது அற்புதம். வெள்ளைக்கார சாமியாரு கோவிலுக்கு லூயிசு ராசா பேரு வைக்கலாம்னாரு. ராசாவாம்! பொறந்ததுலேந்து ஒரு மூட்டை தூக்கியிருப்பாரா? எங்களுக்குக் கிறிஸ்தோப்பருதான் வோணும்னோம். ஒரே தகராறு. கடைசில சாமியாரு, பன்னெண்டு அர்ச்சியசிஷ்டவங்க, அதான் புனிதருங்க, பேர சீட்டுல எழுதி சட்டில போடு, ஆண்டவரு எடுத்துக் குடுக்கட்டும்னாரு. அப்போ எங்கள்ல எழுத்து தெரிஞ்சவன் எவன் இருந்தான்? கப்பல் சரக்கு எண்ணுற சுப்பராயன் எழுதிக் குடுத்தாரு. அவரு இந்து, ஓரவஞ்சன இருக்காது பாரு. எடுத்தது இந்தக் கை.

— மூணு தடவை எடுத்தீங்க, இல்லா?

— மூணு வாட்டி! எடுக்கறது, திரும்பப் போட்டுக் குலுக்கறது, எடுக்கறது. மூணு வாட்டியும் கிறிஸ்தோப்பரு! சாமியாரே முட்டி போட்டுட்டாரு. கடைசியா வந்த சீட்டு இன்னிக்கும் பீடத்தாண்ட கண்ணாடிப் பொட்டில கீது. சாமியே ஆளு பாத்து வந்த கோவிலு இது. சொம தூக்குறவன் கோவிலு. இதுல குப்பவண்டி தள்றவன் நாலு பேரு, ரெண்டு வருசம் மின்னாடி ஞானஸ்நானம் வாங்கிகினு வந்து, சப்பரத்து முன்கட்டைல தோளு வைப்பேன்னா வுட்டுடுவேனா?

— அப்டி வா வழிக்கு. அந்த நாலு பேர்ல ஒருத்தன் என் மருமவன் அருளப்பன். போன திருநாள்ல கட்டைல கை வச்சவன, எல்லார் எதுருலயும் நீ நெட்டித் தள்ளின. அன்னிக்குப் போனவன் இந்தப் பக்கம் திரும்பல. என் பொண்ணு ரோசிக்குப் புள்ள பொறந்து எட்டு மாசம். இன்னும் தலைல ஞானஸ்நானத் தண்ணி படல. "என் தோளு ஆவாத கோவிலு என் புள்ளைக்கு மட்டும் ஆவுமா"ன்றான். புள்ளைக்கு ஒடம்பு சுட்டா ராவெல்லாம் முழிச்சிகினு குந்தியிருக்கேன்யா. வேதத்துல சேராமலே பூடுமோன்னு.

— அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? ஊரு குப்பைய அள்ற தோளும்மே அது. சாமி மேல நாத்தம் ஒட்டாதா?

— கரி பட்டா சாமி கறுக்கும்னான் அவன். குப்ப பட்டா நாறும்ன்ற நீ. அவன் சாமிக்குத் தோல கண்டுபுடிச்சான், நீ மூக்கக் கண்டுபுடிச்சிக்கீற. வெள்ளிவிழாதான் இது!

— இப்போ கீற சாமியாரும் என் பக்கந்தான். நேத்து சொன்னேன், தலைய ஆட்டினாரு.

— நீ பேசினா தெரு நாய்கூட தலைய ஆட்டும், சீக்கிரம் போவியேன்னு.

— கொஞ்சம் பதனமா பேசுங்க ரெண்டு பேரும். பேனா மை காயுது.

— சரி மேஸ்திரி. சாமியே ஆளு பாத்து எடுக்கறாருன்னு நீதான சொல்ற? அவரையே கேட்டுடலாம். இந்தா சட்டி. பங்குல இருக்குற ஆறு தெரு பேரும் எழுதிப் போட்டுக்கீது, குப்பவண்டி லைனு உள்பட. நாளைக்கு முன்கட்டை யாருக்குன்னு உன் கையாலயே எடு.

— ஓகோ, தயாரா வந்துக்கீறியா! எடுக்கறேன். ஆனா தோ பாரு, ஒரு வாட்டி வந்தா ஒத்துக்க மாட்டேன். எனக்கு வந்த மாதிரி மூணு வாட்டி வரணும்.

— மூணு வாட்டியே எடு.

— உபதேசியாரே, நீ சாட்சி. நமக்கு எழுத்து வராது, நீ படி. இந்தா.

— "குப்பைவண்டி லைன்."

— ஏதோ குருட்டுத்தனமா வந்துட்டுது. திரும்பப் போடு. குலுக்குமே நல்லா. இந்தா.

— "குப்பைவண்டி லைன்."

— இரு. குடு அத்த இங்க. எனக்கு எழுத்துதான் வராது. மூட்ட மேல மார்க்கா பாத்தே எந்தக் கப்பலு சரக்குன்னு சொல்றவன் நான். சட்டிய இங்க தள்ளு. தோ, இதுவும் அதே மார்க்கா. இதுவும். இதுவும்! அடிப்பாவி, ஆறுலயும் ஒரே பேரு!

— ஆமா.

— ஆமாவா? சாமி பேர சொல்லி டபாய்க்கிறியே, உனக்கு நரகத்துலகூட எடம் கெடைக்குமா? இரு, தெருவையே கூப்புடுறேன்!

— கூப்புடு. நல்லா கத்திக் கூப்புடு. எல்லாரும் வரட்டும், நானும் இந்த முந்தாணி முடிச்ச அவுக்குறேன்.

— இன்னாது அது?

— உன் பழைய சட்டில மிச்சமிருந்த பதினோரு சீட்டு. அன்னிக்கு நீங்கல்லாம் ஆடிப்பாடிகினு போனப்போ சட்டி மூலைல கெடந்துது. பதினோரு அர்ச்சியசிஷ்டவங்க பேரு குப்பைல போவலாமான்னு எடுத்து டிரங்கு பொட்டில வச்சேன். இருவத்தஞ்சு வருசமா அத்தத் தொட்டுக் கும்புட்டேன்யா. போன மாசம் புள்ளைக்கு நெருப்பா கொதிச்சுது. பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்புட்டா ஒருத்தராவது வரமாட்டாரான்னு, உபதேசியாராண்ட எட்டாந்து படிக்கச் சொன்னேன்.

— பதினொண்ணுலயும் கிறிஸ்தோப்பர்தான் அண்ணாச்சி. நல்ல கையெழுத்து.

— இன்னா மேஸ்திரி, தெருவக் கூப்புடலியா?

— மெதுவா பேசுமே. சுப்பராயனுக்கு ரெண்டு கட்டு பீடி வாங்கிக் குடுத்தேன். பின்ன இன்னா பண்ணச் சொல்ற? ராசா வந்துட்டா? ஆயுசு பூரா அடுத்தவன் மூட்டைய தூக்கினவனுக்கு, தன்னுதுன்னு தூக்க ஒரு சாமி வாணாவா?

— அத்தத் தப்புன்னு நான் சொல்லவே இல்லியே. ஒரு மாசமா இத்த முடிச்சில வச்சிகினு எவனாண்டயாவது வாய தொறந்தேனா? பசிச்சவன் சோத்துப் பானைய தூக்கிகினு ஓடினா நான் திருடன்னு சொல்ல மாட்டேன். தின்னு ஏப்பம் வுட்டுட்டு, அடுத்த பசிக்காரன எட்டி ஒதைக்கிறான் பாரு, அவன் மூஞ்சில துப்புவேன்.

— துப்பிட்டியே. போதும் வுடு. நாளைக்கு அருளப்பன வரச் சொல்லு. மத்த மூணு பேரையும். முன்கட்டைல நிக்கட்டும்.

— உனக்குப் பின்னாடியா?

— என் பக்கத்துல. போதுமா? புள்ளையயும் எட்டாரச் சொல்லு. தேங்கா ஒடைக்கிறாப்புல என்ன ஒடைச்சிட்டு நிக்கறியே.

— அண்ணாச்சி, அந்த அற்புதத்த மலர்ல போடவா, வேண்டாமா?

— போடு உபதேசியாரே. இல்லாட்டி சனங்க ஏன் இல்லேன்னு கேக்கும். ஆனா ஒண்ணு, காலுல வுழுந்து கேக்கறேன், இந்த விசயம் நம்ம சாமியாரு காதுக்குப் போவக் கூடாது. அவரு இந்த ராயப்பன கோவில் தூணுன்னு நம்பிகினு கீறாரு. நீ எழுதிக் குடுத்த இந்த ஆறு சீட்டையும் மொதல்ல கிழிச்சிப் போடு.

— நான் மடிச்சுக் குடுத்ததோட சரி அண்ணாச்சி. ஆறையும் உக்காந்து எழுதினது சாமியார்லா.