மூன்று தம்ளர்

ஒரு தம்ளர் தண்ணீர் எங்கள் இல்லத்தில் அரை டயப்பர் விலை. நான் போட்ட கணக்குதான் மேடம், உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ரெத்தினமாகிய நான் திருவாரூர் கடைத்தெருவில், அப்பாவின் மளிகைக் கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். எதைப் பார்த்தாலும் அடக்கவிலைதான் முதலில் கண்ணில் படும். முதியோர் இல்லம் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

உங்கள் கையிலிருக்கும் விருப்பப் படிவம் நல்ல ஏற்பாடு. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தாமல், அவரவர் எப்படி இருக்க விரும்புகிறார்களோ அப்படிக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எல்லையம்மாளிடம் நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். முத்துப்பேட்டைப் பக்கம் நாற்பது வருஷம் கூடையில் மீன் விற்றவர். இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாக வந்திருந்தார். எப்படி அழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, "மீன்காரம்மான்னே கூப்புடுங்க கடைக்காரரே. பேரச் சொன்னா ஆஸ்பத்திரில டோக்கன் கூப்புடுற மாதிரி இருக்கு" என்றார். அப்படியே எழுதினேன். அப்படியேதான் கூப்பிட்டோம்.

டயப்பர் மாற்றும்போது அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். எதிராளிக்கு எங்கே கூச்சம் என்று தெரிந்துவிட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி.

"தண்ணியக் கொறச்சா நனையாது, மீன்காரம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளர் போதும்."

"செத்த மீனுக்குத் தெளிக்கவே அது பத்தாது. அஞ்சு."

"மூணு."

"அடேயப்பா, நாக்குலயே தராச வெச்சிருக்கீங்க. சரி, மூணு."

டாக்டர் எட்டு தம்ளர் சொல்லியிருந்தார். அதை நான் சொல்லவில்லை. கொள்முதல் விலையை யாரும் வெளியே சொல்வதில்லை. 'நாளுக்கு மூன்று தம்ளர், அவர் விருப்பப்படி' என்று எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். சென்னையிலிருக்கும் மகள் கயல்விழி போனில் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா பேசுற மாதிரியே எழுதிருக்கீங்க சார்" என்று அழுதார்.

சித்திரை வெயில் ஏறியது. பணிப்பெண் ஜெயபாரதி வந்து நின்றாள்.

"சார், மீன்காரம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதுங்க. தண்ணி கேக்குறாங்க."

"படிவத்துல என்ன போட்டிருக்கு? அவங்க விருப்பத்த நாம மதிக்கணும்மா."

நான் குரலை உயர்த்தவில்லை. பிறகு நானே போனேன். இன்னும் ஒன்று கேட்டார் எல்லையம்மாள். "பேசி முடிச்சது முடிச்சதுதானே, மீன்காரம்மா" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர், "ஆமா. சொன்னா சொன்னதுதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஜெயபாரதி எனக்குத் தெரியாமல் கொண்டுபோன தம்ளரையும், "நாலாவது வேணாம்டி, என் பேச்சு போயிரும்" என்று தள்ளிவிட்டாராம். இதை நான் எதிர்பார்க்கவில்லை மேடம். எங்கள் கடைத்தெருவில் நேற்று படிந்த விலையை இன்று வந்து மறுபடி பேசுவார்கள். இவரும் பேசுவார், ஒன்றிரண்டு ஏற்றிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

பேசி முடித்த நாற்பத்தோராம் நாள் இறந்தார். காரணம் முதுமை என்று எழுதினார்கள். நான் திருத்தவில்லை.

மற்ற பதினோரு படிவங்களையும் புரட்ட வேண்டாம், வேலை மிச்சம். பதினோரு பேரின் விருப்பமும் என் கையெழுத்தில் அதே மூன்று தம்ளர்தான். இன்று காலைதான் அவர்களுக்குக் கேட்கிற அளவு கொடுக்கச் சொன்னேன். கொடுக்கிற இடத்தில் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறேன். அந்த முந்தானை அப்போதுதான் புரிகிறது.

எட்டில் மூன்று போக, நாளுக்கு ஐந்து. நாற்பத்தொரு நாளைக்கு இருநூற்றைந்து தம்ளர். கடைசி நாள் நானே ஒன்று கொண்டுபோய் அவர் உதட்டில் வைத்தேன். கடைவாய் வழியாக வழிந்து தலையணைக்குப் போய்விட்டது. அதைக் கழித்துக்கொண்டேன். பாக்கி இருநூற்று நான்கு.