ரெண்டு கொப்பி

— கண்ணகையம்மா, இது எங்கட கிளினிக் கொப்பி இல்லையே.

— ஐயோ, அதத் தாங்க மேனுகா டொக்டர். பை மாறிப்போச்சு. உங்கட கொப்பி வீட்ட கிடக்கு.

— இருங்க. கனகசிங்கம், வயசு அறுவத்திநாலு. உங்கட அவர்தானே? பெரியாசுபத்திரி, இருதயக் கிளினிக். எப்ப இருந்து போறார்?

— மாசியிலருந்து. உங்களுக்கு முந்தி இங்க இரிந்த டொக்டர்தான் துண்டெழுதி அனுப்பினவர். நெஞ்சு படபடக்கிதெண்டு.

— நான் வந்த முதல் கிழமையே கேட்டனே, வேற எங்கயும் மருந்து எடுக்கிறாரா எண்டு. ரெண்டு பேரும் இல்லையெண்டு தலையாட்டினீங்களே.

— பயத்திலதான் மகள். ஊருக்க எடுத்த குளிசைய அங்க ஒருக்காக் காட்டினத்துக்கு, அங்க எடுக்கிறெண்டா இங்க என்னத்துக்கு வாறயெண்டு ஏசிப்போட்டாங்க. கொப்பிய வெட்டி இனி வராதயெண்டா நாங்க எங்க போற? அதுக்குப் பொறகு பச்சைப் பை அங்கத்தக்கு, வெள்ளைப் பை இங்கத்தக்கு. ஒருநாளும் மாறினதில்ல. இண்டைக்கு அவர அனுப்பிற அவசரத்தில கை மாறிப்போச்சு.

— இதுக்குள்ள ஒரு கடிதம் கிடக்கு. ஒட்டினபடியே இருக்கு.

— அது இங்கத்த டொக்டரிட்டக் குடுக்கச் சொல்லித் தந்தது. குடுத்தா கொப்பியும் காட்டோணுமே.

— வைகாசித் திகதி போட்டிருக்கு. இவருக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து தொடங்கியிருக்காம். நோவுக் குளிசை ஒண்டும் குடுக்க வேணாமாம்.

— அதுக்கென்ன டொக்டர்?

— நான் ரெண்டு கிழமையா முழங்கால் நோவுக்குக் குளிசை எழுதிக் குடுத்திருக்கன் அம்மா. அதக் குடிக்கிறாரா?

— நேரந் தவறாம. காலையும் மத்தியானமும் வெள்ளைப் பை, பின்னேரம் பச்சைப் பை. கால் இப்ப நல்ல சுகம். வட்டைக்குப் போய் வயல் வேலையும் பாத்திட்டு வாறார்.

— உடம்பில எங்கயும் நீலம் பாரிச்சிருக்கா?

— கையில ரெண்டு மூணு இடத்தில. நெல்லு மூட்டை தூக்கினதெண்டார். பல்லு முரசிலயும் ரத்தம் கசியிற. அதாலதானே பல்லுக் காட்டப் போயிருக்கார்.

— எங்க? எப்ப போனவர்?

— விடிய முதல் பாதைப் படகிலயே ஏறி ஆத்தக் கடந்து அக்கரைப் பல்லாசுபத்திரிக்கு. ஆட்டங்கண்ட பல்லு ரெண்டையும் இண்டைக்குப் புடுங்கிறெண்டு சொன்னாங்களாம். நான் மருந்தெடுக்க இஞ்சால வந்திட்டன்.

— அவரிட்டப் போன் இருக்கா?

— வீட்டுக்கே ஒரு போன்தான். என்ட கையில இரிக்கி.

— சரி, நான் அங்க எடுத்துப் பாக்கிறன். வேற மருந்து குடிக்கிறீங்களா எண்டு கேக்காமப் புடுங்கமாட்டாங்க. கேட்டா சொல்லுவார்தானே?

— சொல்லமாட்டார்.

— ஏன்?

— ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லுங்க எண்டு நான்தான் சொல்லி அனுப்பினன். பாதைப் படகு வெளிக்கிடு மட்டும் நிண்டு சொன்னன்.

— லைன் கிடைக்குதில்ல. திருப்பி எடுத்துப் பாக்கிறன்... அம்மா, உங்கட போன் அடிக்குது. எடுங்க.

— ஹலோ... ஓம், கனகசிங்கத்தின்ட வீடுதான்... ஓம்... டொக்டர், அங்கயிருந்துதான். பல்லுப் புடுங்கி ரெண்டு மணித்தியாலமாகுதாம், ரத்தம் நிக்கிதில்லையாம். வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களாண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்களாம். அவர் இன்னும் இல்லையெண்டுதான் தலையாட்டுறாராம்.